மாடி வீட்டுச் சண்டை

மாடியில் குடியிருக்கும் தையல்காரன் நேற்றும் தன் கடையிலேயே படுத்துக்கொண்டான் என்று தெரிந்ததும் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. ஜவுளி வியாபாரத்தில் எத்தனையோ முறுக்கிக்கொண்டவர்களை வழிக்குக் கொண்டுவந்தவர். நேராக மாடியேறினார்.

கதவு சங்கிலி போட்டபடி கையளவு திறந்தது.

"புருஷனை எப்பம்மா உள்ள விடப்போற? அப்படி என்ன செஞ்சுட்டான்?"

"கூட்டாளிங்களோட விருந்துக்குப் போகாதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன் சார். போனாரு. கண்ணு சிவந்து வந்து நின்னு, பாப்பா முன்னாடியே ஆரம்பிச்சுட்டாரு."

"ஒரு நாள் குடிச்சதுக்கு இவ்வளவு தண்டனையா?"

"குடிச்சிருந்தா திட்டிட்டு விட்டிருப்பேன். தும்மினாரு."

வீட்டுக்காரர் சிரித்தேவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

"பாப்பாவுக்குப் போன வருஷம் கல்லீரல் மாத்தினோம். புது ஈரலை உடம்பு ஒதுக்கிடாம இருக்க, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுறா. நமக்கு அது வெறும் சளி. அவளுக்கு நுரையீரல்ல இறங்கிட்டா ஆஸ்பத்திரிதான்."

உள்ளே பாப்பா ஃபோனில் அப்பாவிடம் கதை கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் குரல் இறங்கியது. "தெரியாம பேசிட்டேம்மா. நேத்துகூட அவன் பக்கத்துல உக்காந்து, டீ குடிச்சிட்டே புத்தி சொன்னேன்."

"பக்கத்துலயா சார்?"

கதவு மரியாதையாக மூடிக்கொண்டது.

அப்போதுதான் அவருக்கே மூக்கு நமநமவென்றது. அதை இறுகப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, தெருவுக்கு வந்தபிறகே தும்மினார்.

எதிரே இருந்த தையல் கடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"உங்களையும் அனுப்பிட்டாளா சார்? உள்ள வாங்க, இன்னொரு பாய் இருக்கு."