கறை படாத பேட்ஜ்

எக்ஸ்ரே அறையில் இருபத்திரண்டு வருடமாகப் பிறர் நெஞ்சைப் படமெடுத்தவர், இன்று தன் நெஞ்சோடு இதய டாக்டர் முன் உட்கார்ந்திருந்தார், பாவம். பக்கத்தில் மனைவி.

“ரத்தக் குழாய் தடிச்சிருக்கு. வருஷக்கணக்கா கதிர் பட்டாலும் இப்படி ஆகலாம். வேற பிரிவுக்கு மாத்தச் சொல்லி எழுதலாம்னு பார்த்தா, கதிரை அளக்க நீங்க சட்டையில குத்திக்கிற பேட்ஜ்ல ஒரு மாசம்கூட அளவு ஏறலையே!”

“இவர் அவ்வளவு ஜாக்கிரதை டாக்டர்,” என்றாள் மனைவி பெருமையாக.

அவர் அசடு வழிந்தார். “ஜாக்கிரதைதான். தொலைஞ்சா திட்டுவாங்களேன்னு, பேட்ஜை வெளியே என் லாக்கர்லயே பூட்டி வச்சிடுவேன்.”

“இத்தனை வருஷமாவா?” என்றார் டாக்டர்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

“பேட்ஜ் நூறு வருஷம் நல்லா இருக்கும் டாக்டர்,” என்றார் அவர். “என்னைத்தான் கொஞ்சம் பாருங்க.”