இரண்டு விரல் தள்ளி

உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. என் கிட்டாரில் வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

கை மட்டுமல்ல, காலும்.

ஸ்டீல் கிட்டாரை மடியில் வைத்து வாசிக்க முடியாது. மேசை மாதிரி நான்கு காலில் படுத்திருக்கும். கம்பிகள் மேலே. பாதத்துக்குக் கீழே பெடல்கள். முட்டிக்கு இரண்டு பக்கமும் தொங்குகிற லிவர்கள். வாசிக்கிறவர் காலுக்கு அளவெடுத்துத்தான் எல்லாவற்றையும் பூட்டுவோம். செருப்பைக்கூட இரவல் வாங்கலாம், இதை முடியாது.

இப்போது என் தொடை அடிப்பலகையில் இடித்தது. கிட்டாரின் கால்களை இறக்கியிருக்கிறார்கள். இடது முட்டியை உள்பக்கம் தள்ளினால் லிவர் தட்டுப்பட வேண்டும். அது இரண்டு விரல் தள்ளி நின்றது.

குள்ளமான ஆள். முட்டிகளை ஒட்டி வைத்து உட்காருகிற ஆள்.

இடது மணிக்கட்டு முறிந்து நான் வீட்டில் கிடந்தபோது என் இடத்தில் வாசித்தவன். யாரென்று கேட்டால் எங்கள் இசைக்குழுவில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. டிரம்மர் என்னைப் பார்த்ததும் டீ குடிக்கப் போய்விட்டார்.

தலைவர் மட்டும் கறாராகச் சொல்லியிருந்தார். "ஹால் கதவைத் திறக்கிறதுக்குள்ள வாசிச்சுக் காட்டுங்க. கை சரிப்பட்டா நீங்க. இல்லேன்னா இன்னைக்கும் அந்த ஆளுதான்."

இன்றைக்கும் அந்த ஆள் என்றால் இனி என்றைக்கும் அந்த ஆள்தான். எனக்குத் தெரியாதா?

கிட்டாருக்கு அடியில் படுத்தேன். மனைவி டார்ச் பிடித்தாள்.

"எந்தக் கட்டையன்டி இவன்? வரட்டும், முட்டியைப் பேத்துடறேன்."

அவள் டார்ச்சைக் கை மாற்றிப் பிடித்தாள், அவ்வளவுதான். நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவள்.

இன்றைக்காவது கூட வந்தாளே என்றிருந்தது. நான் கையில் கட்டோடு படுத்திருந்த நாளெல்லாம், சாயந்திரம் ஆனால் அக்கா வீடு, அக்கா வீடு என்று கிளம்பிவிடுவாள். அங்கே என்ன புதையலா தோண்டுகிறீர்கள் என்று கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது.

கையை நீட்டினேன். கேட்காமலே, திருகு கழற்றுகிற சின்ன ஆலன் கீயை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள்.

திருகைத் தளர்த்தி லிவரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். பெடலையும் கம்பியையும் இணைக்கிற ராடுகளைச் சரிசெய்து, கிட்டாரின் கால்களை உயர்த்தி, நாற்காலியில் உட்கார்ந்தேன். பெடல் சொன்னபடி கேட்டது. லிவர் முட்டியில் வந்து உட்கார்ந்தது.

இடது கைதான் கேட்கவில்லை.

சுரம் பிடிக்கிற இரும்புத் துண்டைக் கம்பிகள் மேல் வழுக்கிக் கொண்டுபோய் நிறுத்தினேன். நிற்காமல் நடுங்கியது. சுருதி பிசகியது. மறுபடி வாசித்தேன். மறுபடியும் அதே கதை.

வெளியே கூட்டம் சேருகிற சத்தம் கேட்டது.

இரும்புத் துண்டு கையிலிருந்து நழுவி உருண்டது. எடுப்பதற்காக மனைவி மண்டியிட்டாள். "ஸ்..." என்று உடனே எழுந்து இடது முட்டியைத் தேய்த்துக்கொண்டாள்.

முன்பக்கத்தை அல்ல. உள்பக்கத்தை.

லிவர் பழகும் முதல் மாதங்களில் அந்த இடம்தான் கன்றிப்போகும். எனக்கும் கன்றியிருந்தது. அப்போது மருந்து தேய்த்துவிட்டவள் இவள்தான். வீட்டில் நான் பழகும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளும் இவள்தான்.

முதலில் கோபம் வந்தது. பொறாமையும் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். என் நாற்காலி வேறு எவனுக்கும் போய்விடாமல் இவளே உட்கார்ந்து பிடித்து வைத்திருக்கிறாள் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. கண் கலங்கிவிட்டது.

தலைவர் கதவைத் தட்டினார்.

நான் எழுந்து, தோளைப் பிடித்து அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். மறுபடி அடியில் படுத்தேன். கால்களை இறக்கினேன். லிவரை அவள் முட்டியைத் தொடும்வரை நகர்த்தினேன்.

சரியாக இரண்டு விரல்.

என் கைக்குட்டையை மடித்து லிவரில் சுற்றிக் கட்டினேன்.

"உங்க அக்கா வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

மேலே அவள் கையிலிருந்த டார்ச்சின் வெளிச்சம் என் முகத்தின்மேல் ஆடிக்கொண்டிருந்தது.