புதுப் பூட்டு

கதவில் புதுப் பூட்டு.

காலையில் வேலைக்குப் போகும்போது அந்த இடத்தில் துருப்பிடித்த பழைய தகடு இருந்தது. இப்போது பளபளவென்று ஒன்று. யார் மாட்டியது என்று கேட்கவே வேண்டாம். பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பது அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

சுற்றி வளைக்க இதில் ஒன்றுமில்லை. அவள் முழுகாமல் இருக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. நேற்று வீட்டில் சொன்னாள். இன்றைக்குப் பூட்டு.

மத்தியானமே அண்ணி போனில் அழுதாள். "மாமா பூட்டை மாத்தச் சொல்லிட்டாரு. உங்க அண்ணனும் டூல்ஸ் பெட்டியோட வந்து நிக்கிறாரு." அண்ணன் செய்ய மாட்டான் என்று நம்பித்தான் படியேறி வந்தாள்.

மணியை அடித்தாள். உள்ளே டிவி சத்தம் கூடியது.

"அப்பா, நான்தான்."

"அதான் தெரியுதே. வந்த வழியே போ."

"எங்கேப்பா போறது?"

"அதை முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

எதிர் வீட்டுக் கதவு ஒரு விரலளவு திறந்தது. "என்னம்மா, சாவி தொலைஞ்சு போச்சா?" கட்டடத்துக்கே தெரிந்த விஷயம் அந்த அக்காவுக்கு மட்டும் தெரியாதாம்.

"சாவி இருக்குக்கா. பூட்டுதான் மாறிடுச்சு."

"அடப்பாவமே!" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். காதைச் சாத்தவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணனும் இதே கதவு முன்னால்தான் நின்றான். பக்கத்தில் அண்ணி. அப்போது அவள் அண்ணி ஆகியிருக்கவில்லை, அம்மா ஆகப்போவது மட்டும் நிச்சயம். அப்பா கொஞ்ச நேரம் குதித்தார். அப்புறம் அவரே தணிந்து, "ஆம்பளைப் பிள்ளை. சேத்தைக் கண்டா மிதிப்பான், தண்ணியைக் கண்டா கழுவுவான்" என்றார்.

உடனே கல்யாணம். "பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னாடியே விருந்து சாப்பிட்டுட்டான்யா மாப்பிள்ளை!" என்று தாய்மாமா சொல்ல, மண்டபமே சிரித்தது. அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இவளும்தான் சிரித்தாள். தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண்ணை யாரும் பார்க்கவில்லை.

இவள் வேலை செய்வது மூக்குக் கண்ணாடிக் கடையில். அங்கே லென்ஸ் கொண்டுவந்து போடும் வேன் டிரைவர்தான் ஆள். இன்று காலை அப்பா அவன் வீடு தேடிப் போனார். அவன் வெளியிலேயே வரவில்லை. அவன் அம்மா வந்தாள்.

"ஆம்பளைப் பிள்ளைங்க. சேத்தைக் கண்டா மிதிப்பான்..."

அப்பா மிச்சத்தைக் கேட்கவில்லை. திரும்பி நடந்துவிட்டார். நேரே அண்ணன் கடைக்குப் போய்ச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பூட்டை மாத்துடா."

டிரைவர் காலைக் கழுவிக்கொண்டான். சேறு இங்கே வாசலில் நிற்கிறது.

"அண்ணா! நீயாவது திறண்ணா."

உள்ளே யாரோ கதவருகில் வந்து நிற்பது தெரிந்தது. அண்ணன்தான். அவன் குரல் இவ்வளவு கடுமையாக இருந்து அவள் கேட்டதில்லை.

"பூட்டு மாத்தியாச்சு. உன் சாவி இனிமே இதுல திரும்பாது. நம்பிக்கை இல்லைன்னா போட்டுப் பாரு."

"அவகிட்ட என்னடா பேச்சு?" என்றார் அப்பா.

"போட்டுப் பாருன்னு சொல்றேன்ல!" கதவே அதிரக் கத்தினான்.

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "மனுஷனா நீங்க? வயித்துல பிள்ளையோட நிக்கிறவகிட்ட கேலி பேசறீங்க! உங்க யோக்கியதை எனக்குத் தெரியாதா?"

"நீ உள்ள போ."

அண்ணன் குழந்தை மட்டும், "அத்தை வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அவள் படியிறங்கினாள். பாதிப் படியில் உட்கார்ந்தாள்.

போனில் அத்தனை பேர் இருக்கிறார்கள். டிரைவருக்குப் போட்டாள். அணைத்து வைத்திருந்தான். கூட வேலை பார்ப்பவள் எடுத்தாள். "எங்க ஹாஸ்டல்ல வெளியாளைச் சேர்க்க மாட்டாங்கப்பா" என்றாள், குரலைத் தாழ்த்தி. அதற்கப்புறம் யாருக்குப் போடுவது என்று தெரியவில்லை. படிக்கட்டில் ஏறுகிறவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். எல்லோர் கையிலும் ஒரு சாவி.

அப்பா திட்டியதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அண்ணன் சொன்னதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. போட்டுப் பாராம். நக்கல்! சின்ன வயதில் இவள் சாவியைத் தொலைக்கும்போதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாமல் வேறு வெட்டிக் கொடுத்தவன்.

சாவியை அந்தக் கதவிலேயே விட்டெறிந்துவிட்டுப் போவோம். விறுவிறுவென்று மறுபடி ஏறினாள். கையை ஓங்கினாள்.

எறியவில்லை. எத்தனை வருஷப் பழக்கம்! கை தானாகச் சாவியைத் துவாரத்தில் நுழைத்தது. நுழைந்தது. அந்தப் பழைய பூட்டுக்கு ஒரு கோணல் உண்டு. சாவியை லேசாகத் தூக்கித்தான் திருப்ப வேண்டும். அதே பழக்கத்தில் தூக்கினாள், திருப்பினாள்.

டக்.

உள்ளே டிவி நின்றது. "டேய், என்னடா சத்தம் அது?" என்றார் அப்பா.

பளபளத்தது வெளித்தகடு மட்டும்தான். மாத்துடா என்று அப்பா சொன்ன பூட்டை அண்ணன் மாற்றவே இல்லை.