தலைகீழாகப் பார்த்த மரம்

பட்டுப்போன நாவல் மரம் ஏரிக்கரையில் ஓர் இலைகூட இல்லாமல் நின்றது. அதை வெட்ட வந்த சூசை, கோடாலியோடு அதனடியிலேயே உட்கார்ந்திருந்தார். "இன்னும் ஒரே ஒரு படம்ணே" என்று கெஞ்சிக் கெஞ்சியே உச்சிவேளை ஆக்கிவிட்டாள் மதிவதனி. தண்ணீரில் தெரியும் பிம்பத்தைத்தான் அவள் எப்போதும் எடுப்பாள். எடுத்ததும் கேமராவைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பாள். இப்போதும் அப்படியே திருப்பிப் பார்த்தாள். தண்ணீருக்குள் இருந்த மரத்தில் கிளையே தெரியாமல் இலை அடர்ந்திருந்தது. நடுவே ஒரு கூடு.

"அண்ணே! ஓடியாங்க, இதப் பாருங்க!"

அவளருகே வந்ததும் சூசை கண்ணைச் சுருக்கினார். நெற்றியில் குப்பென்று வேர்த்தது. படத்தைப் பார்த்தார், திரும்பி மரத்தைப் பார்த்தார்.

"அதானே! விடிஞ்சதுலேருந்து அங்கதான் உக்காந்திருக்கேன், பொட்டு வெயில் என் மேல படலையேம்மா!"