பூட்டாத கடைசிக் கதவு

"கேமோட கடைசிக் கதவைப் பூட்டிட்டு, சாவியைத் தனியா விக்கச் சொல்றீங்க. அதுக்கு வேற ஆளைப் பாருங்க சார், நான் வேலையை விட்டுடறேன்," என்றான் புரோகிராமர்.

முதலாளி அசரவில்லை. "அவசரப்படாதீங்க தம்பி. விளையாடுறவங்களே ஓட்டுப் போடட்டும். அவங்க வேண்டாம்னா விட்டுடுவோம். ஓட்டெடுப்பை நான் பாத்துக்கறேன்."

ஒரு வாரம் ஓட்டெடுப்பு நடந்தது. முடிவு வந்ததும் முதலாளியின் அறைக்கு ஓடினான்.

"ரெண்டு லட்சம் ஓட்டு சார். அத்தனையும் பூட்டு வேண்டாம்னுதான்."

"அப்போ பூட்டு கிடையாது," என்று முதலாளி சிரித்தபடி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தோத்துட்டு இப்படிச் சிரிக்கிறீங்களே?"

"ஓட்டு என்ன சும்மாவா போட்டாங்க? ஒவ்வொண்ணுக்கும் காசு வாங்கியாச்சு. சாவி வித்திருந்தாக்கூட இவ்வளவு தேறியிருக்காது. சரி, அடுத்த மாசம் எதை எதிர்க்கப் போறீங்க தம்பி?"