குருவம்மா பேர் சொன்னாள்

ஒரு கருவேல மரத்தில் ஏழு தவிட்டுக்குருவிகள் குடியிருந்தன. ஏழுக்கும் ஓயாத வாய். பொழுது சாய்ந்து கிளையில் வந்து ஒட்டிக்கொண்டதும், எல்லோரும் வந்தாயிற்றா என்று பார்க்க ஒவ்வொருத்தியும் தன் பேரைச் சொல்ல வேண்டும்.

இதை நினைத்தே குருவம்மாவுக்கு மத்தியானத்திலிருந்து இரை இறங்காது. அவளுக்குப் பேச்சு திக்கும். பகலில் எப்படியோ சமாளித்துவிடுவாள். 'புழு' வராவிட்டால் 'அந்த நெளியிறது' என்பாள். சொந்தப் பேருக்கு மாற்றுச் சொல் தேடி எங்கே போவது? "கு... கு..." என்று தொடங்கும்போதே, "குருவம்மாதானே, சரி சரி!" என்று மூத்தவள் ராக்காயி முடித்துவிடுவாள்.

அன்று ராக்காயி அலகைத் திறப்பதற்குள் குருவம்மா முந்திக்கொண்டாள்.

"எ... எனக்குத் திக்கும், அக்கா. ஆனா வ... வந்துரும். நா... நானே சொல்றேன்."

ஆறு பேரும் வாயை மூடினார்கள். அடக்கிவைத்த பேச்சில் ஒருத்திக்கு இறகெல்லாம் புடைத்துக்கொண்டது. பக்கத்துக் கிளை அணில் பதறிப்போய் எட்டிப் பார்த்தது.

"என்ன இவ்வளவு அமைதி? யாராச்சும் செத்துட்டாங்களா?"

"சும்மா இரு. எங்க தங்கச்சி பேர் சொல்லிக்கிட்டிருக்கா," என்றாள் ராக்காயி.

"கு... கு... கு..."

சூரியன் முழுக்க இறங்கிவிட்டது.

"...குருவம்மா!"

"சரி, அடுத்தவ," என்றாள் ராக்காயி.

மறுநாள் மத்தியானம் குருவம்மா நான்கு வெட்டுக்கிளி தின்றாள். ஐந்தாவதை அக்காவின் அலகிலிருந்து பிடுங்கினாள்.