தவளைக்குக் குரல் கொடுத்தவள்

ரங்கம்மாள் தீக்குச்சியைக் கிழித்து, சவுரியம்மாளின் கண்ணெதிரே விரற்கடை தூரத்தில் பிடித்தாள். இமை ஆடவில்லை. கருவிழியும் அசையவில்லை.

"இன்னாக்கா, மூஞ்சில சூடா அடிக்குது?" என்று முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள் சவுரியம்மாள்.

"கொசுவுக்குச் சாம்பிராணி போடறேன்" என்று காற்றுக் குரலில் சொல்லிவிட்டு, குச்சியை மண்ணில் குத்தி அணைத்தாள் ரங்கம்மாள். சரியான நடிப்புக்காரி என்று மனசுக்குள் திட்டினாள்.

ஆம்பூர் ரயிலடிப் பக்கம் அப்துல் கஃபார் சாயபு போட்டிருந்த சினிமாக் கொட்டகையில் படங்கள் ஆடும், ஓடும், பேசாது. அந்தக் காலத்துப் படம். திரைக்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்து எல்லாருக்குமாகச் சேர்த்துப் பேச வேண்டும்.

நாலு வருஷம் ரங்கம்மாள்தான் பேசினாள். அதிலும் முதலில் ஓடும் பொம்மைப் படம் என்றால் அவளுக்கு உயிர். கோடு கோடாக வரைந்த தவளையும் கொக்கும் அவள் தொண்டைக்குள்தான் குடியிருந்தன.

போன மாசியில் வந்த விஷக் காய்ச்சல் அந்தத் தொண்டையைத் தின்றுவிட்டது. அவள் இடம் மாதா கோயிலில் பாடிக்கொண்டிருந்த, பிறவியிலேயே கண் தெரியாத சவுரியம்மாளுக்குப் போயிற்று. சாயபு ரங்கம்மாளையும் கைவிடவில்லை. சவுரியம்மாளை ஒட்டியே ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார். காய்ந்த தோலை உதறி இடி முழக்குவதும், கொட்டாங்கச்சியைத் தட்டிக் குதிரை ஓட்டுவதும் இப்போது அவள் வேலை.

முதல் இரண்டு நாள் சாயபுவே பின்னால் நின்று சவுரியம்மாளின் தோளைத் தட்டிக் குறிப்புக் கொடுத்தார். மூன்றாம் நாள், "வேணாம் சாயபு, நானே பேசிடறேன்" என்றாள் அவள். பேசியும் காட்டினாள்.

ஊரே வாயைப் பிளந்தது. தோல் மண்டி ஆட்கள் வேலை விட்டதும் கை கழுவாமல் கொட்டகைக்கு ஓடி வந்தார்கள். பள்ளிகொண்டாவிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ரங்கம்மாள் பேசிய காலத்தில் ஒருத்தனும் வண்டி கட்டியதில்லை. அதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம்தான் மதராஸ் ரயிலில் புதுப் பொம்மைப் படம் வந்திருந்தது. கதை இன்னதென்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சாயபுவும் அவசரத்தில் மறந்துபோனார். போதாக்குறைக்கு, வேலூர்ப் பெரிய கொட்டகை முதலாளி வேலாயுதம் சவுரியம்மாள் பேசுவதைக் கேட்க முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

'இன்னிக்கு வெளுத்துடும் சாயம்' என்று முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள் ரங்கம்மாள்.

விளக்கு அணைந்தது. திரையில் தவளை ஒன்று படகு ஓட்டிக்கொண்டு வந்தது. போலீஸ் தலைப்பாகை கட்டிய கொக்கு குறுக்கே நின்று மறித்தது. ரங்கம்மாளின் கை தோலை உதறிற்று. கண் படத்தை விட்டு நகரவில்லை. பழைய பழக்கத்தில் உதடுகள் தாமாக அசைந்துகொண்டிருந்தன.

"கொக்கு தொரையே, கொட்டாவி வுடாதீங்க! குட்டையில தண்ணி கம்மி, அதான் படகுல வந்தேன்!" என்று கணீரென்று எழுந்தது சவுரியம்மாளின் குரல். கொக்கு அப்போதுதான் அலகைப் பிளந்து கொட்டாவி விட்டு முடித்திருந்தது. கொட்டகை அதிர்ந்தது.

ரங்கம்மாளுக்கு வயிறு பற்றி எரிந்தது. அவளே பேசியிருந்தாலும் அச்சு அசலாக அதைத்தான் சொல்லியிருப்பாள். இடத்தைப் பிடுங்கியது பத்தாதென்று, வார்த்தையையும் அல்லவா பிடுங்கிக்கொண்டாள்!

ஆட்டம் முடிந்ததும் வேலாயுதம் திரைக்குப் பின்னால் வந்தார். "வேலூருக்கு வந்துடும்மா. நோட்டீஸுல உன் பேரைப் பெருசா போடறேன். தங்க வீடும் பார்த்து வெச்சிருக்கேன்."

நாலு வருஷம் தொண்டை கிழியக் கத்தியவளைப் பார்த்து ஒருத்தரும் இப்படிக் கூப்பிட்டதில்லை. அதற்குமேல் ரங்கம்மாளால் பொறுக்க முடியவில்லை.

"ஏமாந்துடாதீங்க ஐயா! இவளுக்குக் கண்ணு நல்லா தெரியும்" என்று இல்லாத குரலைத் திரட்டிச் சொன்னாள். "மத்தியானம் வந்த படம். யாருமே இவகிட்ட கதை சொல்லல. அப்பறம் கொக்கு கொட்டாவி வுட்டது எப்பிடித் தெரிஞ்சுது? கேளுங்க!"

வேலாயுதத்தின் முகம் மாறியது. "இன்னாம்மா இது? கண்ணு தெரியலன்னு சொல்லி ஜனங்கள ஏமாத்தறியா?"

சவுரியம்மாள் கையை நீட்டித் துழாவினாள். ரங்கம்மாளின் மணிக்கட்டு அகப்பட்டது. ரங்கம்மாள் உதறப் பார்த்தாள், பிடி விடவில்லை.

"அக்காவுக்குத் தன் பெருமையைத் தானே சொல்லிக்க வெக்கம், அதான் என்னைச் சொல்ல வெக்குது" என்று சிரித்தாள் சவுரியம்மாள். "வேலூருக்கு அதையும் கூட்டினு போனாத்தான் நான் வருவேன் ஐயா."

"ஏன்?"

"தெனமும் அக்கா பக்கத்துல உக்காந்து எனக்காக முணுமுணுன்னு சொல்லிக் குடுக்குது, அதைத்தான் நான் உரக்கச் சொல்றேன்."